'இன்ட்ரெஸ்ட்' என்றொரு சொல்



"மகனுக்குப் படிப்பிலே இன்ட்ரெஸ்ட் இல்லை" என்று தாய் கவலைப்படுகிறாள். அதே வீட்டின் விறாந்தையில், "நிலையான வைப்புக்கு இப்போது இன்ட்ரெஸ்ட் எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று வந்திருந்த உறவினர் ஒருவர் தந்தையிடம் விசாரிக்கிறார். மேசையில் கிடக்கும் ஆங்கிலப் பத்திரிகை, ஏதோ ஒரு முடிவு 'பப்ளிக் இன்ட்ரெஸ்ட்'டுக்கு மாறானது என்று கண்டிக்கிறது. அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் காணி உறுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாயின், விற்பவர் தமது 'ரைட், டைட்டில், இன்ட்ரெஸ்ட்' யாவற்றையும் வாங்குபவருக்குக் கைமாற்றுகிறார் என்ற பொருள்பட ஒரு வாசகம் அதில் இருக்கும். எல்லாம் ஒரே சொல்தான். முதலிடத்தில் அதற்கு ஆர்வம் என்று பொருள். அடுத்ததில் வட்டி. அதற்கடுத்ததில் நலன். கடைசியில் உரித்து, அல்லது பங்கு.

ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். 'ஐ ஆம் இன்ட்ரெஸ்டட் இன் கிரிக்கெட்' என்று எழுதிப் பழகுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து கணித வகுப்பில் அதே சொல் எளிய வட்டியாகவும் கூட்டு வட்டியாகவும் வந்து நிற்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் வணிகக் கல்வி பயில்பவர் அதே சொல்லை இன்னும் இரண்டு மூன்று கோலங்களில் காண்கிறார். எந்த ஆசிரியரும் இவற்றை ஒன்றாக வைத்து, ஏன் இத்தனை பொருள்கள் ஒரே சொல்லுக்குள் வந்து குடியேறின என்று விளக்குவதில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமுமில்லை. ஆனால் ஒரு முஸ்லிம் இளைஞனுக்கு அந்த விளக்கம் அவசியம் என்பது என் எண்ணம். ஏனெனில் அந்தப் பொருள்களுள் ஒன்று அவனுக்கு ஹராமாக்கப்பட்ட ஒன்றின் பெயர். மற்றவை நல்லவை, அல்லது குற்றமற்றவை. நல்ல சொற்களின் நடுவே அது எப்படி வந்து அமர்ந்துகொண்டது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. 'இன்டர்' என்றால் இடையில். 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்த 'இன்டரெஸ்ஸே' என்பதற்கு இடையில் இருத்தல் என்பது நேர்ப்பொருள். இரண்டு நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு என்ற கருத்திலும், ஒருவருக்கு ஒரு விடயத்தில் சம்பந்தம் இருப்பது என்ற கருத்திலும் உரோமர் அதனைப் பயன்படுத்தினர். உரோமச் சட்டத்தில், ஒப்பந்தம் மீறப்பட்டதனால் ஒருவர் இப்போது இருக்கும் நிலைக்கும், மீறப்படாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலைக்கும் இடையிலான வேறுபாட்டை நட்டஈடாகக் கணக்கிடும் இடத்தில் இச்சொல் வந்தது. அதாவது, அது ஒரு நட்டத்தின் பெயர். இலாபத்தின் பெயரல்ல.

வட்டிக்கு அவர்களிடம் வேறொரு சொல் இருந்தது. 'உசூரா' என்பது அது. ஆங்கிலத்தில் 'யூஷரி' என்று வழங்குவது அதன் வழி வந்ததே. மத்தியகால ஐரோப்பாவில் கிறிஸ்தவத் திருச்சபை இதனைக் கடுமையாகத் தடுத்தது. 1179 ஆம் ஆண்டின் மூன்றாம் லாத்தரன் சங்கம், பகிரங்கமாக வட்டித் தொழில் செய்வோருக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்றது. 1311 இல் தொடங்கிய வியன் சங்கம், வட்டி பாவமல்ல என்று பிடிவாதமாக வாதிப்பவனைச் சமயத் துரோகியாகவே கருத வேண்டும் என்று தீர்மானித்தது. வட்டித் தடை முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய விநோதமான கொள்கை என்று எண்ணிக் கூச்சப்படும் நம் பிள்ளைகள் இந்த ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சரி, தடை இவ்வளவு கடுமையாக இருந்தபோது வட்டி எந்த வாசல் வழியாக நுழைந்தது? தாமதம் என்ற வாசல் வழியாகத்தான். கடன் வாங்கியவர் குறித்த தவணையில் திருப்பிக் கொடுக்கவில்லை. அதனால் கடன் கொடுத்தவருக்கு உண்மையாகவே நட்டம் ஏற்பட்டது. அந்த நட்டத்தை ஈடு செய்வது நீதிதானே என்று திருச்சபைச் சட்ட அறிஞர்கள் வாதித்தனர். அந்த ஈட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'இன்டரெஸ்ஸே'. வாதம் நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் காலப்போக்கில் தவணைக்குப் பின்னர் மட்டும் வாங்கப்பட்ட ஈடு, கடன் கொடுத்த முதல் நாளிலிருந்தே கணக்கிடப்படலாயிற்று. நட்டம் நேர்ந்ததா என்று ஆராய்வதும் தேவையற்றதாகியது. பணம் கையில் இருந்திருந்தால் வேறெங்காவது இலாபம் கிடைத்திருக்கும், அந்த இழப்பும் நட்டமே என்றனர். பெயர் நட்டஈடு என்றே நின்றது. செயலோ 'உசூரா'வாக மாறிவிட்டிருந்தது.

இங்கிலாந்தின் வரலாறு இதைவிடச் சுவையானது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1545 இல் ஒரு சட்டம் வந்தது. அதன் தலைப்பு 'யூஷரிக்கு எதிரான சட்டம்'. உள்ளே போய்ப் பார்த்தால், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வரை வாங்குபவருக்குத் தண்டனையில்லை என்கிறது! 1552 இல் அது நீக்கப்பட்டு முழுத் தடை மீண்டும் வந்தது. 1571 இல் முதலாம் எலிசபெத் காலத்தில் நூற்றுக்குப் பத்து என்ற எல்லை திரும்பி வந்தது. அந்தச் சட்டத்தின் தலைப்பும் 'எதிரான சட்டம்' என்பதுதான். 1624 இல் எல்லை நூற்றுக்கு எட்டாகக் குறைக்கப்பட்டபோது, இச்சட்டத்தின் எந்தச் சொல்லும் சமயத்தின்படியோ மனச்சாட்சியின்படியோ யூஷரியை அனுமதிப்பதாகக் கொள்ளப்படலாகாது என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கை ஒன்றைச் செய்ய, உள்ளம் உறுத்திக்கொண்டே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எங்கே கிடைக்கும்? பின்னர் எல்லை 1651 இல் ஆறாகவும் 1714 இல் ஐந்தாகவும் இறங்கியது. 1854 இல் வட்டிக்கு எல்லை விதித்த சட்டங்கள் யாவும் நீக்கப்பட்டன. உறுத்தலும் அதற்குள் அடங்கிவிட்டிருந்தது.

இந்த முந்நூறு ஆண்டுகளில் சொற்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'யூஷரி' என்பது முதலுக்கு மேல் வாங்கும் எந்த வட்டிக்கும் பெயர். சட்டம் ஓர் எல்லை வரை விட்டுக்கொடுத்ததும், எல்லைக்குள் நின்றதற்கு 'இன்ட்ரெஸ்ட்' என்ற கண்ணியமான பெயர் நிலைத்தது. எல்லை தாண்டியது மட்டும் 'யூஷரி' ஆயிற்று. இன்று ஆங்கில அகராதியைப் புரட்டினால், 'யூஷரி' என்பதற்கு அளவுக்கு மீறிய வட்டி என்று போட்டிருக்கும். நம் தமிழில் அறாவட்டி என்கிறோமே, அதுபோல.

நேயர்களே, இதை மொழியாராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது. பிக்தால் அவர்கள் 1930 இல் வெளியிட்ட அல்குர்ஆன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும், அப்துல்லாஹ் யூஸுஃப் அலீ அவர்கள் 1930 களில் வெளியிட்ட மொழிபெயர்ப்பிலும் ஸூறத்துல் பகராவின் 275 ஆவது வசனத்தில் 'ரிபா' என்ற சொல்லுக்கு 'யூஷரி' என்றே இட்டிருக்கிறார்கள். ஆங்கில மூலம் கற்கும் நம் பல்கலைக்கழக மாணவன் அதனை வாசிக்கிறான். அகராதியைப் பார்க்கிறான். அளவுக்கு மீறிய வட்டிதான் தடுக்கப்பட்டது, வங்கியின் பத்து வீதமும் பன்னிரண்டு வீதமும் அதிலே சேராது என்ற முடிவுக்கு அரை மணித்தியாலத்தில் வந்துவிடுகிறான். அவன் தவறான எண்ணத்தோடு தேடவில்லை. இடையிலே சொல் சுருங்கிப்போன கதை அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். யூஸுஃப் அலீ அவர்களே தமது அடிக்குறிப்பில் நவீன வங்கிக் கடனைத் தமது விளக்கத்துக்குப் புறம்பாக வைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உலமாக்களில் பெரும்பாலானோர் அக்கருத்தை ஏற்கவில்லை. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, கடனுக்கு மேலதிகமாகப் பெறப்படும் வங்கி வட்டியும் ரிபாவே என்று தீர்மானித்தது.

அறபுச் சொல் அவ்வாறு சுருங்கவில்லை. 'ரிபா' என்பதன் வேர் வளர்தல், கூடுதல், உயர்தல் என்னும் பொருளுடையது. உயர்ந்த மேட்டு நிலத்துக்கு 'ரப்வா' என்பார்கள். அதே பகரா அத்தியாயத்தின் 265 ஆவது வசனத்தில் அச்சொல் ஒரு தோட்டத்தின் உவமையில் வருகிறது. கூடுதல் சிறிதா பெரிதா என்ற கேள்வி வேரிலேயே இல்லை. 279 ஆவது வசனமோ, தவ்பாச் செய்தவருக்கு உரியது அவருடைய முதல் மட்டுமே என்று வரையறுத்துவிடுகிறது. ஆயினும் நாம் அறபு மொழியை எண்ணி நிம்மதியடைந்துவிட முடியாது. இன்று அறபு நாடுகளின் வங்கிகளில் வட்டிக்கு வழங்கும் பெயர் 'ஃபாஇதா'. பயன், நன்மை என்பது அதன் பொருள்! மொழி எதுவானாலும் இந்தப் பண்டத்துக்கு நல்ல உடை தைத்துக் கொடுப்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

தமிழையும் பார்த்துவிடுவோம். பழைய கல்வெட்டுகளில் வட்டியைப் பொலிசை என்று குறித்திருக்கிறார்கள். பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் நெல் பொலியட்டும் என்று வாழ்த்துவதும் அச்சொல்லால்தான். அறபு 'ரிபா'வும் தமிழ்ப் பொலிசையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே கருத்திலிருந்து பிறந்திருப்பது வியப்புக்குரியது. பின்னாளில் வட்டி என்ற சொல் வந்து நிலைத்தது. அதற்கு இன்றைய பேச்சில் வேறு இனிய பொருள் ஏதும் கிடையாது என்பதை நாம் ஒரு பாக்கியமாகவே கொள்ளலாம். "வட்டிக்கு எடுத்தேன்" என்று தமிழில் சொல்லும்போது நம்மவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. "இன்ட்ரெஸ்ட் கொஞ்சம் போடுவார்கள்" என்று சொல்லும்போது தாழ்வதில்லை.

ஒரே சொல் இரு பொருள் தந்து மனிதரைக் குழப்புவதை அல்குர்ஆன் கவனியாமல் விடவில்லை. மதீனாவில் நபி (ஸல்) அவர்களிடம் 'எங்களைக் கவனியுங்கள்' என்ற கருத்தில் ஸஹாபாக்கள் 'ராஇனா' என்று கூறுவது வழக்கம். கெட்ட எண்ணங்கொண்ட சிலர் அதே சொல்லை நாவைச் சுழற்றி, இழிவான வேறொரு பொருள் தோன்ற உச்சரித்தனர். அப்போது, அச்சொல்லை விட்டுவிட்டு 'உன்ளுர்னா' என்று கூறுமாறு விசுவாசிகளுக்குக் கட்டளை வந்தது. பகராவின் 104 ஆவது வசனம் அது. ஸஹாபாக்களின் எண்ணத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இருந்தும் இடுக்கு உள்ள சொல்லை மாற்றி, இடுக்கில்லாத சொல்லை எடுத்துக்கொள்ளும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. மது அருந்துவோர் அதற்கு வேறு பெயரிட்டு அருந்தும் காலம் வரும் என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

275 ஆவது வசனத்தில் எடுத்துக் காட்டப்படும் வாதமும் சொற்களைக் குழப்பும் வாதமே. வியாபாரமும் ரிபாவைப் போன்றதுதானே என்றார்கள். வெளித்தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கைக்கு வருகிறது. அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி, ரிபாவை ஹராமாக்கியிருப்பதாக அங்கேயே பதில் அளிக்கப்படுகிறது. அறியாமைக் காலத்து மக்கள் ரிபா வாங்கிய முறைகளில் ஒன்றை தஃப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. தவணை வந்ததும் கடன்காரனிடம் போய், இப்போது தருகிறாயா, அல்லது தொகையைக் கூட்டிக்கொள்கிறாயா என்று கேட்பார்களாம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கழித்து எந்த வாசல் திறந்ததோ, அதே தாமதத்தின் வாசல்! இன்று இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நியமங்களை வகுப்போர், தவணை தவறியவரிடம் அபராதமாகப் பெறும் பணத்தை நிறுவனம் தன் வருமானத்தில் சேர்க்காமல் தர்ம வழியில் செலவிட வேண்டும் என்று வற்புறுத்துவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1988 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் 2005 இல் திருத்தப்பட்டதன் மூலம் வட்டியற்ற முறையில் வங்கித் தொழில் செய்யச் சட்டபூர்வமான இடம் ஏற்பட்டது. 2011 இல் முழுவதுமாக அம்முறையில் இயங்கும் வணிக வங்கி ஒன்றும் தொடங்கியது. அங்கே 'இன்ட்ரெஸ்ட் ரேட்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'புரொஃபிட் ரேட்' என்ற சொல் வழங்குகிறது. "பெயரைத்தானே மாற்றியிருக்கிறார்கள், கணக்கு ஒன்றுதானே?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இவ்வளவு நேரம் பெயர் மாற்றத்தின் வரலாற்றைச் சொன்ன நான் அக்கேள்வியைக் கோபித்துக்கொள்ள முடியாது.

அதற்குப் பதில் எண்ணில் இல்லை. உடன்படிக்கையில் இருக்கிறது. முறாபஹா முறையில் ஒரு முச்சக்கர வண்டி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நிறுவனம் வண்டியை முதலில் தன் உடைமையாக வாங்கவேண்டும். அது அதன் உடைமையில் இருக்கும்வரை வண்டிக்கு நேரும் சேதம் நிறுவனத்தையே சாரும். அதன் பிறகு, வாங்கிய விலை இவ்வளவு, எமது இலாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்கு விற்கவேண்டும். விலை ஒருமுறை நிச்சயிக்கப்பட்டபின், நீங்கள் தாமதித்தாலும் அது கூடாது. இந்தப் படிகள் உண்மையாக நடந்திருந்தால் அது வியாபாரம். கடதாசியில் மட்டும் நடந்து, பணம் நேரே உங்கள் கைக்கு வந்து, வண்டியை நிறுவனம் கண்ணாலும் காணாதிருந்தால், அதற்கு எந்த அறபுப் பெயரைச் சூட்டினாலும் கேள்வி எழத்தான் செய்யும். 'இடையில் இருத்தல்' என்று பழைய இலத்தீன் சொல்லுக்குப் பொருள் சொன்னோம் அல்லவா? பொருளுக்கும் உங்களுக்கும் இடையே நிறுவனம் உடைமையாளராக உண்மையில் நின்றதா என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஓர் உடன்படிக்கை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உரிய உலமாக்களிடம் கேட்டறிவதே முறை. வானொலிப் பேச்சு ஃபத்வாவாகாது.

சாதாரணக் கடன் படிவங்களில் இன்னொரு சொல் இருக்கிறது. 'ஃபிளாட் ரேட்' என்பார்கள். ஒரு இலட்சம் ரூபா கடன், பன்னிரண்டு மாதம், நூற்றுக்கு 24 'ஃபிளாட்' என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 124,000 ரூபா. மாதத் தவணை ஏறக்குறைய 10,333 ரூபா. அதில் முதலுக்காக 8,333 ரூபாவும் வட்டிக்காக 2,000 ரூபாவும் போவதாகக் கணக்கு. முதலாம் மாதத்தில் உங்கள் கையில் முழு இலட்சமும் இருந்தது; 2,000 ரூபா வட்டி. பன்னிரண்டாவது மாதத்திலோ நீங்கள் தரவேண்டிய முதலில் எஞ்சியிருப்பது வெறும் 8,333 ரூபா. அப்போதும் வட்டி 2,000 ரூபாதான். அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே நூற்றுக்கு 24 போய்விடுகிறது. குறைந்துசெல்லும் நிலுவையின் மீது சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வீதம் ஏறக்குறைய 42 ஆகிறது. படிவத்தில் 24 என்று எழுதியிருப்பது பொய் என்று எவரும் வழக்குப் போட முடியாது. 'ஃபிளாட்' என்ற சிறு சொல் அருகிலே நின்று காவல் செய்கிறது. இரண்டு பெண் பிள்ளைகளின் நகையை அடகு வைத்துவிட்டு, மீட்பதற்காக நுண்கடன் எடுத்து, அந்தத் தவணைக்காக வேறொரு நிறுவனத்திடம் கையேந்தும் குடும்பங்கள் நம் கிராமங்களில் எத்தனை! 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய சிறு நுண்கடன்களை அடைத்து நிவாரணம் வழங்க அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

இதுவரை கெட்ட பொருளைப் பற்றியே பேசிவிட்டோம். 'இன்ட்ரெஸ்ட்' என்ற சொல்லின் ஆர்வம் என்ற பொருள் ஆங்கிலத்தில் பிந்தி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அது நன்கு பரவியது. அதற்கு முன்னர் 'இன்ட்ரெஸ்டட்' என்றால் ஒரு விடயத்தில் பங்கோ ஆதாயமோ உடையவர் என்றே கொண்டார்கள். அந்தப் பழைய பொருளின் எச்சம் 'டிஸ்இன்ட்ரெஸ்டட்' என்ற சொல்லில் இன்னும் உயிரோடிருக்கிறது. தன் ஆதாயத்தை உள்ளே கொண்டுவராத, பக்கஞ்சாராதவர் என்று அதற்குப் பொருள். 'அன்இன்ட்ரெஸ்டட்' என்பது வேறு, அது அக்கறையற்றவர். பரீட்சை எழுதும் பிள்ளைகள் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டுப் புள்ளிகளை இழக்கிறார்கள். நீதவான் முதலாமவராக இருந்தால் வழக்காளி அதிர்ஷ்டசாலி. இரண்டாமவராக இருந்தால் அவர் ஆசனத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்!

பெற்றோர்களே, மகனுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லை என்று குறைப்படும்போது, எந்த இன்ட்ரெஸ்ட்டை அவனிடம் எதிர்பார்க்கிறோம் என்று யோசித்ததுண்டா? அவன் பொறியியலாளராகவேண்டும், வெளிநாடு போகவேண்டும், போட்ட பணத்தைத் திருப்பி எடுக்கவேண்டும் என்ற எண்ணம் நம் உள்ளத்தில் மேலோங்கியிருந்தால், நாம் பேசுவது ஆர்வத்தைப் பற்றியல்ல. பிள்ளை என்ற முதலீட்டுக்குக் கூடுதல் கேட்கிறோம். பிள்ளைகள் இதை வெகு விரைவில் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். பின்னர் மோட்டார் சைக்கிளுக்காகவோ கையடக்கத் தொலைபேசிக்காகவோ தவணைக் கடனில் கையெழுத்திட்டுவிட்டு, மூன்று மாதம் வீட்டில் மூச்சுவிடாமல் இருக்கிறார்கள். தவணை அறவிட ஆள் வந்து வாசலில் நிற்கும்போதுதான் தாய்க்குத் தெரிகிறது. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள், "முகம் ஏன் வாடியிருக்கிறது, வாப்பா?" என்று உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அந்தக் கேள்விக்கும் ஆங்கிலத்தில் பெயர் இன்ட்ரெஸ்ட்தான்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டால் அவசரப்படாதீர்கள். மொத்தமாக எத்தனை ரூபா திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேளுங்கள். வீதத்தை அதற்குப் பிறகு கேளுங்கள். 'வட்டி பூச்சியம்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட தவணைத் திட்டமாயின், ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன, கட்டணம் என்ற பெயரில் வேறென்ன சேர்கிறது என்று கேளுங்கள். தாமதித்தால் என்ன நடக்கும், அந்தப் பணம் யாருக்குப் போகும் என்றும் கேளுங்கள். தமிழில் படிவம் கேளுங்கள். இல்லையென்றால், ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் வீட்டுக்கு எடுத்துச் சென்று காட்டிவிட்டு நாளைக்கு வருவதாகச் சொல்லுங்கள். நாளைக்கு இந்தச் சலுகை கிடைக்காது என்று மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு தகவல்தான்.

ஸூறத்துல் பகராவில் ரிபாவைப் பற்றிய வசனங்கள் முடியும் இடத்தில், கஷ்டத்தில் இருக்கும் கடன்காரனுக்கு அவகாசம் அளிப்பது பற்றியும், கடனை விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்பது பற்றியும் 280 ஆவது வசனம் பேசுகிறது. அதிலிருந்து இரண்டாவது வசனம், 282, அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது அது. எழுதுபவர் நீதியாக எழுதவேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் தவணையோடு எழுதச் சோம்பலாகாது என்றெல்லாம் விவரம் கூறும் அவ்வசனத்தில், எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? கடன் கொடுப்பவரிடம் அல்ல. கடன் படுபவரிடம். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் அவர் சார்பில் சொல்லவேண்டும். தன் மீது ஏறும் சுமையைத் தன் வாயாலேயே, தனக்கு விளங்கும் சொற்களில் அவர் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்கிறார்.